நாக்கிங் ஓய்ந்த பிறகு

இன்ஜின் அறிவோம் – 12

டர்போ காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் தள்ளும் விதத்தைப் போன வாரம் பார்த்தோம். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் பவர் கூடும். அப்படியானால் டர்போவின் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, ஏற்றிக்கொண்டே போகலாமே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போக முடியாது. நாக்கிங் குறுக்கே வந்து நிற்கும்.

சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் எல்லை மீறினால், ஸ்பார்க் மூட்டிய தீ வந்து சேர்வதற்கு முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்துவிடும். நாக் சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும், இன்ஜினின் கணினியான இசியு ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திப் பவரைக் குறைக்கும். டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு நாக்கிங்தான் காவல்காரன். இரும்பு உடைவதற்கு வெகு முன்பே அவன் கையை நீட்டித் தடுத்துவிடுவான்.

எத்தனால் வந்தால் அந்தக் காவல்காரன் விலகிக்கொள்கிறான். அதன் ஆக்டேன் எண் 108-ஐ ஒட்டி இருக்கிறது. ஆவியாகும்போது பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சி, உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கிறது. அமெரிக்காவில் சோளம் விளையும் மத்திய மேற்கு மாநிலங்களில் 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ85 பல பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும். பந்தய எரிபொருளின் குணம் சாதாரண பங்கிலேயே கிடைத்தால் ட்யூனிங் பிரியர்கள் விடுவார்களா?

அவர்களுக்கு வாகாக அமைந்த வண்டிகளில் ஒன்று, 2006-இல் வந்த பி.எம்.டபிள்யூ 335ஐ. அதன் என்54 இன்ஜின் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. கம்பெனி கொடுத்தது 300 குதிரைசக்தி. மென்பொருளை மாற்றி எத்தனாலும் கலந்தால் 400-ஐத் தாண்டலாம். இன்று செகண்ட்ஹேண்டில் வரும் இந்த வண்டிகளில் பல 1 லட்சம் மைல், அதாவது 1.6 லட்சம் கிலோமீட்டர் கடந்தவை. சிக்கல் அங்கேதான்.

முதல் அடி ஃப்யூயல் பம்ப்புக்கு. 1 கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதே காற்றுக்கு இ85 ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாகப் பாய வேண்டும். இந்த இன்ஜினின் உயர் அழுத்த பம்ப்போ புதிதாக இருந்தபோதே பேர் கெட்டது. 2010-இல் அமெரிக்காவில் அதற்காகச் சுமார் 1.3 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதனால்தான் முழு இ85 ஊற்றாமல், பெட்ரோலோடு கலந்து ஓட்டுகிறார்கள். தேய்ந்த பம்ப் சாதாரண ஓட்டத்தில் சமாளித்துவிடும். முழு ஆக்ஸிலரேட்டரில் அழுத்தம் சரிந்தால் கலவையில் எரிபொருள் குறையும், சூடு எகிறும். இசியு உடனே பவரை வெட்டிவிட்டால் தப்பிக்கலாம். பிந்தினால் பிஸ்டன் போச்சு.

இரண்டாவது ஆபத்து கலவைக் கணக்கில். 60 லிட்டர் டேங்கில் 20 லிட்டர் இ85, மீதி 40 லிட்டர் 10 சதவீத எத்தனால் கலந்த சாதாரண பெட்ரோல் என்று வைத்துக்கொள்வோம். பெயரை நம்பிக் கணக்குப் போட்டால் மொத்தத்தில் 35 சதவீதம் எத்தனால். ஆனால் அமெரிக்காவில் இ85 என்று விற்பதில் பருவத்தையும் ஊரையும் பொறுத்து 51 முதல் 83 சதவீதம் வரைதான் எத்தனால் இருக்கும். குளிரில் ஸ்டார்ட் ஆக வேண்டுமே என்று பனிக்காலத்தில் குறைத்துவிடுவார்கள். 51 என்றால் டேங்கில் இருப்பது 24 சதவீதம்தான். 35-க்கு எழுதிய ட்யூன் 24-இல் ஓடினால், ஓய்ந்த நாக்கிங் முழு பூஸ்ட்டில் திரும்பி வரும்.

விவரம் தெரிந்தவர்கள் சோதனைக் குழாய் ஒன்றைக் கையோடு வைத்திருப்பார்கள். கோடு வரை தண்ணீர், அதன்மேல் எரிபொருள் ஊற்றிக் குலுக்கி வைத்தால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். பெட்ரோல் மேலே மிதக்கும். இரண்டும் பிரியும் இடம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் சதவீதம் தெரிந்துவிடும். எரிபொருள் பாதையிலேயே எத்தனால் சென்சார் பொருத்திவிட்டால் இன்னும் நிம்மதி.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் மூன்றாவது ஆபத்து போகாது. நாக்கிங் இல்லை, சென்சார் பதிவான லாக் சுத்தமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பூஸ்ட் ஏற்றலாம் என்று கை துறுதுறுக்கும். இனி தடுக்கப்போவது பிஸ்டன் ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட், டர்போ ஷாஃப்ட் ஆகியவற்றின் பலம் மட்டுமே. அந்த வரம்பை எட்டியதைச் சொல்ல சென்சார் கிடையாது. புது இன்ஜினில் அது எங்கே இருக்கும் என்று ஓரளவு சொல்லலாம். 1.6 லட்சம் கிலோமீட்டர் ஓடியதில் எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, குட்டி குட்டிப் பயணமாக ஓட்டினால் எரியாத எத்தனால் ரிங் வழியே ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும், தேய்மானம் கூடும்.

ஆகவே முதல் செலவு ட்யூனுக்கு அல்ல, சோதனைக்கு. கம்ப்ரஷன் டெஸ்ட், லீக்டவுன் டெஸ்ட், முழு லோடில் எரிபொருள் அழுத்த லாக், இன்ஜெக்டர் கசிவு, டர்போ ஷாஃப்ட்டின் ஆட்டம் எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட இளைத்திருந்தால் ட்யூனை மறந்துவிட்டு இன்ஜின் வேலையைப் பாருங்கள். எல்லாம் தேறினாலும், பூஸ்ட்டை ஏற்றாமல் எத்தனாலை மட்டும் சேர்த்து ஓட்டுவதே வயதான இன்ஜினுக்கு நல்லது. அப்போது எத்தனால் நாக்கிங்கிலிருந்து பாதுகாப்பு தரும். பிஸ்டன், பேரிங் மேல் கூடுதல் சுமை ஏற்றாது.

அடுத்த வாரம்: நம் பங்குகளில் வரும் இ20 - பழைய வண்டியின் ரப்பர் பாகங்களை என்ன செய்யும்?