ஆளில்லாத நேரத்திலும் ஓடும் மின்மீட்டர்

சனி, ஞாயிறு நாள்களில் உங்கள் பள்ளியில் வகுப்புகள் இல்லை. விளக்குகள் அணைந்திருக்கும், மின்விசிறிகள் நின்றிருக்கும். ஆனால், பள்ளியின் மின்மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு நாள்களில் அது எத்தனை யூனிட் ஓடுகிறது? மின்சாரத்தைச் சேமிக்க நினைக்கும் மாணவர்கள் முதலில் கண்டுபிடிக்க வேண்டிய எண் அதுதான்.

சிங்கப்பூர் பசுமைத் திட்டம் 2030, 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2030க்குள் பள்ளிகளின் நிகர கரிம வெளியேற்றத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைப்பது அதிலுள்ள ஓர் இலக்கு. குறைந்தது 20 விழுக்காட்டுப் பள்ளிகள் கரிமச் சமநிலையை எட்டவேண்டும் என்பது இன்னொன்று. விளக்கை அணைக்கச் சொல்லும் சுவரொட்டிகள் நல்லவைதான். ஆனால், இத்தகைய இலக்கை எட்ட, எவ்வளவு குறைத்தோம் என்று எண்ணில் சொல்லத் தெரிய வேண்டும்.

ஒரு யூனிட்டில் எவ்வளவு கரிமம்?

1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட் மணி. இதைத்தான் பேச்சு வழக்கில் ஒரு யூனிட் என்கிறோம். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. அந்த எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அது எரியும்போது கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. இங்கு ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.4 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறுகிறது.

வேதியியலில் மோல் கணக்கு படித்தவர்கள் இதைச் சரிபார்க்கலாம். 400 கிராமை 44ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 மோல். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர் இடத்தை நிரப்பும். ஆக, ஒவ்வொரு யூனிட்டுக்கும் 200 லிட்டருக்கும் அதிகமான வாயு காற்றில் கலக்கிறது.

ஓய்வுநேரக் கணக்கு

ஒரு மாதிரிப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். அதில் 40 வகுப்பறைகள். ஒவ்வொன்றிலும் 60 வாட் மின்விசிறிகள் நான்கும், 18 வாட் எல்இடி விளக்குகள் எட்டும் உள்ளன. மொத்தம் 384 வாட். அரைமணி நேர ஓய்வின்போது எல்லாவற்றையும் அணைத்தால், ஒரு வகுப்பறையில் 0.19 யூனிட் மிச்சமாகும். 40 வகுப்பறைகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7.7 யூனிட். 200 பள்ளி நாள்களுக்குக் கணக்கிட்டால், ஏறத்தாழ 1,540 யூனிட். கரியமில வாயுவில் சொன்னால், சுமார் 600 கிலோகிராம். இது நல்ல சேமிப்பு. ஆனால், இதைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்று உண்டு.

ஆளில்லாத நேரக் கணக்கு

ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உள்ளது. பள்ளி 200 நாள்களுக்கு, நாளுக்குப் பத்து மணி நேரம் இயங்கினாலும் அது 2,000 மணி நேரம்தான். மீதி 6,760 மணி நேரம், அதாவது ஆண்டின் முக்கால் பங்குக்கும் மேல், பள்ளியில் ஏறக்குறைய யாரும் இருப்பதில்லை. அந்த நேரத்தில் ஓடும் மின்சாரத்தை அடிப்படைச் சுமை எனலாம். அதில் ஒரே ஒரு கிலோவாட்டைக் குறைத்தாலும் ஆண்டுக்கு 6,760 யூனிட் மிச்சம். கரியமில வாயு 2.7 டன் குறையும். ஓய்வுநேரச் சேமிப்பைவிட இது நான்கு மடங்குக்கும் அதிகம்.

இதை எப்படி அளப்பது? வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கும் திங்கட்கிழமை காலை 6 மணிக்கும் மீட்டர் காட்டும் எண்கள் வேண்டும். இடைப்பட்ட நேரம் 60 மணி. எண்களின் வித்தியாசம் 600 யூனிட் என்றால், 600ஐ 60ஆல் வகுத்து, சராசரிச் சுமை 10 கிலோவாட் என்று அறியலாம். மின்னறைக்குள் நீங்கள் நுழையக்கூடாது. பள்ளியின் செயல்பாட்டு மேலாளரிடம் கேட்டு எண்களைப் பெறுங்கள். கூரையில் சூரியத் தகடுகள் இருந்தால், பகலில் அவை தரும் மின்சாரம் கணக்கைக் குழப்பும். அப்போது இரவுநேர எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்து, வார இறுதியில் இயங்கும் சாதனங்களை மூன்றாகப் பிரியுங்கள். முதல் வகை, நிறுத்தக்கூடாதவை: சிற்றுண்டிச்சாலையின் குளிர்பதனப் பெட்டி, பாதுகாப்பு விளக்குகள், தீ எச்சரிக்கைக் கருவி. இரண்டாம் வகை, நேரக்கருவி பொருத்தி நிறுத்தக்கூடியவை. சுடுநீரும் குளிர்நீரும் தரும் குடிநீர் இயந்திரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சூடான நீர் இரவு முழுவதும் வெப்பத்தைக் காற்றுக்கு இழக்கும். இயந்திரம் அதை மீண்டும் மீண்டும் சூடாக்கும். குடிக்க யாரும் இல்லாமலேயே மின்சாரம் செலவாகும். மூன்றாம் வகை, மறந்து விடப்பட்டவை: கணினி அறையின் குளிரூட்டி, அணைக்காத கணினித் திரைகள், பயன்படுத்தாத ஆய்வுக்கூட அடுப்பு. பட்டியலைப் பள்ளி நிர்வாகத்திடம் காட்டி, எவற்றை நிறுத்தலாம் என்று முடிவு செய்யுங்கள்.

மாற்றம் செய்தபின் மறுபடியும் அளக்க வேண்டும். ஒரு வார இறுதியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு சனிக்கிழமை இணைப்பாட நடவடிக்கை நடந்திருந்தாலே எண் கூடிவிடும். மாற்றத்துக்கு முன் நான்கு வார இறுதிகள், பின் நான்கு வார இறுதிகள் என்று எடுத்து, இரண்டின் சராசரியை ஒப்பிடுங்கள். ஆய்வுக்கூடத்தில் சோதனையைத் திரும்பச் செய்து சராசரி காண்பதும் இதற்காகத்தான்.

மீட்டர் எண்கள், சாதனப் பட்டியல், முன்பின் சராசரி ஆகிய மூன்றும் ஒரே தாளில் அடங்கிவிடும். அந்தத் தாளோடு முதல்வரைச் சந்திக்கும் மாணவர் குழு, குடிநீர் இயந்திரங்களுக்கு நேரக்கருவி கேட்டால், அதனால் எத்தனை யூனிட் மிச்சமாகும் என்பதையும் சேர்த்தே சொல்ல முடியும்.