விசா உள்ளவரை வீடு

சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு வளைகுடா நாடுகளுக்கும் தமிழகத்துக்கும் இடையிலான தொழில் உறவு, 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலை உயர்வுக்குப் பின்னர் பெருகி, இன்று மூன்றாம் தலைமுறையை எட்டியிருக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில், பொருளீட்டக் கடல் கடந்து செல்பவரைச் 'சபராளி' என்பார்கள். சபர் என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். பயணி என்றால் திரும்பி வருபவர். அவருடைய மனைவி மக்கள் ஊரில் காத்திருப்பவர்கள். இந்த நிலை மாறி, மனைவியும் பிள்ளைகளும் உடன் சென்று அங்கேயே இருபது முப்பது ஆண்டுகள் வாழும் வழக்கம் வந்த பிறகும், அந்நாடுகளின் சட்டம் அக்குடும்பம் முழுவதையும் பயணியாகவே கருதிவருகிறது என்பதுதான் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பெரும்பாலான இன்னல்களுக்கு வேர்.

இதன் சட்ட அடிப்படை 'கஃபாலா' எனப்படும் பொறுப்பேற்பு முறையாகும். வெளிநாட்டவர் ஒருவர் இந்நாடுகளில் தங்க வேண்டுமானால், பொதுவாக அவருக்கு 'கஃபீல்' என்னும் பொறுப்பாளர் ஒருவர், பெரும்பாலும் வேலை கொடுப்பவர், இருந்தாக வேண்டும். அவர் வழியாகவே 'இக்காமா' என்னும் தங்குரிமை அட்டை கிடைக்கும். அண்மை ஆண்டுகளில் வேலை மாறுவதற்கும் நாட்டைவிட்டு வெளியேறுவதற்குமான விதிகள் பல நாடுகளில் தளர்த்தப்பட்டிருந்தாலும், தங்கும் உரிமை வேலையோடு கட்டப்பட்டிருக்கும் அடிப்படை மாறவில்லை. வேலை செய்பவர் நிறுவனத்தைச் சார்ந்திருக்க, அவருடைய மனைவியும் மக்களும் அவரைச் சார்ந்திருக்கிறார்கள். சங்கிலியின் முதல் கண்ணி அறுந்தால் மற்றவை தாமே அறுந்துவிடும்.

குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் உரிமையும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அமீரகத்தில் 2019ஆம் ஆண்டு முதல், மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹம் சம்பளம் பெறுபவர் குடும்ப விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். குவைத்தோ, நிறுத்திவைத்திருந்த குடும்ப விசாவை 2024இல் மீண்டும் திறந்தபோது மாதம் 800 தினார் சம்பளத்தை வரம்பாக வைத்தது. கட்டடத் தொழிலாளியும் ஓட்டுநரும் துப்புரவுப் பணியாளரும் இவ்வரம்புக்கு மிகவும் கீழே இருப்பவர்கள். அங்குள்ள பேச்சுவழக்கில் மனைவி மக்களை ஊரில் விட்டுவந்த ஐம்பது வயதுக்காரரும் 'பேச்சிலர்' என்றே குறிக்கப்படுவதும், வாடகை அறிவிப்புகளில் 'ஃபேமிலி' என்றும் 'பேச்சிலர்' என்றும் மனிதர்கள் இரு வகையாகப் பிரிக்கப்படுவதும், மணவாழ்வு அங்கே வருமானத்தால் அளக்கப்படுவதன் அடையாளங்கள்.

வரம்பைக் கடந்தவருக்கும் சுமை குறைவதில்லை. வருமான வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் சவுதி அரேபியா 2017 ஜூலை முதல், உடன் வசிக்கும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்து, ஆண்டுதோறும் உயர்த்தி, 2020இல் அதனை 400 ரியாலாக்கியது. மனைவியும் இரு பிள்ளைகளும் உள்ள ஒருவர் அவர்கள் உடனிருப்பதற்காக மட்டும் ஆண்டுக்கு 14,400 ரியால் செலுத்த வேண்டும் என்றான நிலையில், பல குடும்பங்கள் பெட்டி கட்டி ஊர் திரும்பின. கணவர் மீண்டும் 'பேச்சிலர்' அறைக்குப் போனார். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் இதற்கு மேல் வருபவை. துபாயில் ஆண்டு வாடகையை பின்தேதியிட்ட சில காசோலைகளாக முதலிலேயே எழுதிக் கொடுப்பது நெடுநாளைய வழக்கம் என்பதால், வேலை போன மாதத்திலும் காசோலை தன் தேதியில் வங்கிக்குப் போய்விடும்.

வேலை போவது ஒரு குடும்பத்துக்கு என்ன செய்கிறது என்பதை ஊரில் இருப்பவர்கள் முழுமையாக உணர்வது அரிது. உள்நாட்டில் வேலை இழந்தவர் அதே வீட்டில் இருந்துகொண்டு, பிள்ளைகளை அதே பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு வேறு வேலை தேடலாம். அமீரகத்தில் விசா ரத்தான பின் தங்குவதற்கு முன்பு 30 நாள்களே பொதுவான அவகாசமாக இருந்தது. 2022ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களில் அது நீட்டிக்கப்பட்டது பெரிய ஆறுதல் என்றாலும், அந்த நாள்களுக்குள் புதிய வேலையும் புதிய விசாவும் கிடைக்காவிட்டால், பிள்ளைகளின் கல்வியாண்டு நடுவில் இருக்கும்போதே வீட்டுச் சாமான்களை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இந்நிலையாமையின் உச்சத்தை 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது குவைத் இந்தியர்கள் கண்டார்கள். ஏறத்தாழ 1,70,000 பேர், பெரும்பாலும் ஜோர்டானின் அம்மான் நகர் வழியாக, ஏறக்குறைய ஐந்நூறு விமானப் பயணங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பலருடைய பல்லாண்டுச் சேமிப்பு குவைத் வங்கிகளிலும் பூட்டிய வீடுகளிலும் நின்றுபோயிற்று.

உடன் செல்லும் பெண்களின் இழப்பு கணக்கில் வராத இழப்பு. பொறியியலோ ஆசிரியப் பயிற்சியோ முடித்து, ஊரில் வேலையும் பார்த்துவந்த ஒரு பெண், அங்கே இறங்கியதும் கணவரின் சார்பாளராகப் பதிவாகிறார். வேலைக்குச் செல்ல வேண்டுமானால் அவருடைய பட்டச் சான்றிதழ் மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் எனப் பல கைகளில் சான்றொப்பம் பெற்றுவர வேண்டும். சார்பாளர் விசாவில் இருந்தபடி வேலை செய்வதற்கான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். பேறுகாலத்தில் அவருடைய தாய் உடனிருக்க விசிட் விசா கிடைக்க வேண்டும், கிடைத்தாலும் அதன் காலம் முடிவதற்குள் அவர் திரும்ப வேண்டும். குழந்தை பிறந்தபின் அதற்குப் பிறப்புச் சான்று, தூதரகத்தில் பதிவு, இந்தியக் கடவுச்சீட்டு, தங்குரிமை என்று வரிசையாக வேலைகள் உண்டு. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்பதையும், அமீரகத்தில் 120 நாள்களுக்குள் குழந்தைக்கு விசா எடுக்க வேண்டும் என்பதையும் அறியாமல் பின்னர் அலைபவர்கள் உண்டு.

இவ்வாறு பிறந்து வளரும் பிள்ளைகளைப் பற்றித்தான் சற்று விரிவாகப் பேச வேண்டும். பிறந்த நாடு அவர்களுக்குக் குடியுரிமை தருவதில்லை. தந்தையின் வேலை முடிந்தால் பிறந்த ஊரைப் பார்ப்பதற்கும் அவர்கள் விசிட் விசா எடுக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அமீரகத்தின் தனியார் பள்ளிகளில் அரபு மொழி கட்டாயப் பாடம். அதன் பிறகு இன்னொரு மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தியோ மலையாளமோ கிடைக்கும் அளவுக்குத் தமிழ் எளிதாகக் கிடைப்பதில்லை. இதனால் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசிக்கொண்டே, பாட்டியின் ஊருக்குச் செல்லும் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை உருவாகியிருக்கிறது. தமிழ்ச் சங்கங்கள் வார இறுதியில் நடத்தும் வகுப்புகளும், 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் அமைப்பின் பாடங்களும் இக்குறையை ஓரளவு போக்குகின்றன. ஆனால் விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் படிக்கும் மொழி, தெருவில் நாளெல்லாம் காதில் விழும் மொழிக்கு ஈடாவதில்லை.

விடுமுறைகூட அவர்களுக்கு ஊரோடு ஒத்துவருவதில்லை. வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள் வெயிலை முன்னிட்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மூடப்படுகின்றன. தமிழகப் பள்ளிகளின் கோடை விடுமுறையோ மே மாதத்தோடு முடிந்துவிடுகிறது. எல்லாக் குடும்பங்களும் ஒரே வாரத்தில் கிளம்புவதால் உச்சத்துக்கு ஏறிய கட்டணத்தில் விமானம் ஏறி அவர்கள் ஊர் வந்து சேரும்போது, மாம்பழக் காலம் முடிந்திருக்கும், அத்தை மாமா பிள்ளைகள் காலை எட்டு மணிக்கே சீருடையோடு பள்ளிக்குப் போய்விட்டிருப்பார்கள். பகல் முழுவதும் தாத்தா வீட்டுத் திண்ணையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, 'வெளிநாட்டுப் பிள்ளை யாரோடும் ஒட்டாது' என்று சொல்லிவிடுவது எளிது. ஒட்டுவதற்கு அங்கே பகலில் ஒருவரும் இருப்பதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் சிக்கல் இன்னும் கடுமையாகிறது. நீட் தேர்வை எழுத வளைகுடாவில் மையமே இல்லாதிருந்ததால், 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்திலும் மாணவர்கள் இந்தியாவுக்கு வந்துதான் எழுத வேண்டியிருந்தது. 2021இல்தான் குவைத்திலும் துபாயிலும் மையங்கள் அமைந்தன. தமிழகத்துக்கு வெளியே படித்த காரணத்தால், மாநில இடங்களுக்குத் தங்கள் பூர்வீகத்தை நேட்டிவிட்டி சான்றிதழ் வழியாக அவர்கள் நிறுவ வேண்டியிருக்கிறது. மகனுக்கு 18 வயது கடந்தால் தந்தையின் பொறுப்பில் தங்குவது கடினம் என்றிருந்த விதியை அமீரகம் 2022இல் மாற்றி, மணமாகாத மகன் 25 வயது வரை தங்கலாம் என்றாக்கியது மிகவும் பயனுள்ள மாற்றம்.

ஊரில் தனித்திருக்கும் பெற்றோரின் முதுமை, இவ்வாழ்வின் மறுகரை. ஒருகாலத்தில் ஒலிநாடாவில் குரலைப் பதிவுசெய்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். இன்று அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு பொதுவாக இயங்காததால், தமிழகக் கிராமத்துப் பாட்டிகளின் கைப்பேசியிலும் 'போட்டிம்' செயலி இருக்கிறது. முகம் பார்த்துப் பேச முடிகிறது; மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல முடிவதில்லை.

திரும்பி வரும் நாளுக்கென அமீரகத்தின் தனியார் ஊழியருக்குச் சட்டம் உறுதி செய்வது ஓய்வூதியம் அன்று, 'கிராஜுவிட்டி' எனப்படும் பணிக்கொடை. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளமும் அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் சம்பளமும் என்பது அங்குள்ள கணக்கு. ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தின்மேல் மட்டுமே கணக்கிடப்படும் என்பதைப் பலர் கடைசி நாளில்தான் உணர்கிறார்கள். மாதம் 6,000 திர்ஹம் பெறுபவரின் அடிப்படைச் சம்பளம் 3,000 என்று கொண்டால், இருபது ஆண்டு உழைப்புக்கு 555 நாள் ஊதியமாக 55,500 திர்ஹம் கிடைக்கும். மகளின் திருமணம், மகனின் கல்லூரிக் கட்டணம், ஊரில் கட்டத் தொடங்கி மாடி முடியாமல் நிற்கும் வீடு ஆகிய மூன்றுக்கும் நடுவே அந்தத் தொகையைப் பங்கிட வேண்டியிருப்பதால், ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரை மாத்திரைகளோடு, இன்னும் இரண்டே ஆண்டு என்று விசாவைப் புதுப்பித்துக்கொண்டு தங்கிவிடுபவர்கள் அங்கே ஏராளம்.