கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் நம் கடமையும்

நோய்களுட் சில திடீரெனத் தாக்குவன. சில பல்லாண்டு மறைந்திருந்து பின்னர் வெளிப்படுவன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பிந்திய வகையைச் சார்ந்தது. மனிதப் பப்பிலோமா வைரசுவே இதற்கு மூலகாரணம் என்பதை ஜேர்மனிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் நிறுவினார். அவர்தம் குழுவினர் 1983இலும் 1984இலும் கண்டறிந்த 16ஆம், 18ஆம் வகைகளே இப்புற்றுநோயில் ஏறத்தாழ 70 வீதத்திற்கு ஏதுவாவன. இதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வைரசு பாலுறவின் வழியே தொற்றுவது, மிகப் பரவலானது. ஆகவே, தொற்றுற்றவளின் ஒழுக்கத்தை ஐயுறுதல் அறியாமையேயாம். தொற்று வேறு, புற்றுநோய் வேறு. பெரும்பாலாரிடத்து உடலின் எதிர்ப்பாற்றலே ஈராண்டுக்குள் வைரசுவை அகற்றிவிடும். மிகச் சிலரிடத்து அது நிலைத்து நின்று கலங்களைத் திரிக்கும். அத்திரிபு புற்றாக முதிர்வதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். புகைத்தலும் எதிர்ப்பாற்றற் குறைவும் ஆபத்தை மிகுவிக்கும்.

இந்த நீண்ட இடைவெளியே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. கருப்பைக் கழுத்துக் கலங்களைச் சிறிது எடுத்து ஆராயும் 'பாப்' பரிசோதனை, திரிபை முன்னரே காட்டிவிடும். அந்நிலையில் அதனை அகற்றுதல் எளிது. இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் இப்பணியை ஆற்றி வருகின்றன. முப்பத்தைந்து வயதுப் பெண்களும் அவற்றிற்குச் சிறப்பாக அழைக்கப்பெறுவர்.

ஆயினும், றொசல்லைத் தோட்டங்களில் அவ்வயதுப் பெண் காலையிலேயே கூடையுடன் மலையேறுகிறாள். "நோவே இல்லையே, சேர், கிளினிக்குக்குப் போனால் ஒருநாட் பேர் போய்விடுமே" என்றார் என் மாணவி ஒருத்தியின் தாயார். நோவு தோன்றுமுன் செல்வதே இப்பரிசோதனையின் பயன் என்பதை அவருக்கு விளக்க ஒரு மாலைப்பொழுது வேண்டியிருந்தது. ஒருநாட் கூலியின் அருமையை உணராது அறிவுரை கூறுதல் எளிது. அவ்விழப்பு நேராவண்ணம் விடுப்புக்கு வழிசெய்தலே மெய்யுதவி.

2017இல் நம் நாடு ஆறாம் தர மாணவியர்க்கு இவ்வைரசுத் தடுப்பூசியை ஏற்றத் தொடங்கியது. ஏற்கெனவே உள்ள தொற்றை அது நீக்காது. ஆதலின் இளமையிலேயே ஏற்றப்படுகிறது. எல்லா வகைகளையும் அது தடுப்பதில்லை. ஆகவே பிற்காலப் பரிசோதனையும் வேண்டும்.

பெற்றோரின் சம்மதக் கடிதம் ஆசிரியர் கைவழியாகவே லயன் வீட்டை அடைகிறது. அதனை வெறும் தாளாகக் கொடுப்பதா, விளக்கத்துடன் கொடுப்பதா என்பது நம்மைப் பொறுத்தது. நாணத்தாற் காக்கும் மௌனம் ஒரு தாயின் உயிரை விலையாகக் கொள்ளலாகாது.