ஈறில் ரத்தமா? அளந்து காட்டச் சொல்லுங்கள்

பல் துலக்கித் துப்பும்போது சிவப்பு தெரிந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் துலக்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நோய் முற்றுவதே அதனால்தான். 1965-ல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், ஹரால்ட் லோ குழுவினர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கி ஒரு வாரம் போல ஆனதும் சரியாகிவிட்டது.

இந்த அழற்சியை அளக்க முடியும். அரை மில்லிமீட்டர் உருண்டை முனையும் அளவுக்கோடுகளும் கொண்ட மெல்லிய கம்பியை, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே சுமார் 25 கிராம் அழுத்தத்தில் மெதுவாக நகர்த்துவார்கள். பல்லுக்கு ஆறு இடம். 28 பல் என்றால் 168 இடம். சில விநாடிகளில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்துக் குறிப்பார்கள். எலும்பு கரையாதவருக்குக் கசியும் இடங்கள் 10 சதவீதத்துக்குள் இருந்தால் ஈறு நலம். 30-ஐத் தாண்டினால் வாய் முழுக்க அழற்சி.

புகைப்பவர்கள் இதில் ஏமாந்துவிடக் கூடாது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் அவர்களுக்கு ரத்தம் குறைவாகவே வரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதிகம் வரலாம். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. காய்ச்சலோ உடம்பில் காரணமில்லாத கன்றலோ சேர்ந்து, ரத்தமும் நிற்காவிட்டால், உடனே பொது மருத்துவரிடம் போக வேண்டும்.

க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் வேண்டாம். பல்லில் படிந்த காரை போனதும் அது மறைத்திருந்த இடைவெளி தெரியும், அவ்வளவுதான்.

கம்பி வைத்துப் பார்க்காமலே ஆயிரக்கணக்கில் செலவாகும் ஈறு சிகிச்சைக்கு நாள் குறித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை இடத்தில் கசிகிறது, கம்பி எவ்வளவு ஆழம் இறங்குகிறது, என்ன செலவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பதிவின் நகலும் வேறு மருத்துவரின் கருத்தும் பெறுவது நோயாளியின் உரிமை. அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் காட்டலாம். பணம் வாங்கிச் செய்த சிகிச்சையில் கவனக்குறைவால் பாதிப்பு நேர்ந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அப்போது பேசப்போவது அந்தக் காகிதம்தான். சிகிச்சை முடிந்து சுமார் மூன்று மாதத்தில் மறுபடி அளக்கச் சொல்லி, பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.