பனியன் ஊரின் பாரிஸ் கனவு: புத்தகத்துக்குள் இருக்கும் இன்னொரு பிரான்ஸ்!

பிரான்ஸ் ஆர்டர் ஓடும் திருப்பூர் பனியன் கம்பெனிகளில், பேக்கிங் டேபிளில் தினமும் கொஞ்சம் பிரெஞ்சு மொழி புழங்கும். எல்லாம் டி-ஷர்ட்டின் உள்பக்க லேபிளில் இருக்கும் வார்த்தைகள்தான். 'கோத்தோன்' என்றால் பருத்தி. 'ஃபாப்ரிக்கே அன் அந்த்' என்றால் இந்தியாவில் தயாரானது. அளவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை உச்சரித்தால், கிட்டத்தட்ட நம்ம 'தாய்' மாதிரியே கேட்கும்!

துணி கப்பல் ஏறிப் போய்விடும். தைத்தவர், செக்கிங் பார்த்தவர், மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கியவர் எல்லோரும் இங்கேயேதான் இருப்பார்கள். ஆனால், மனசு போய்வர விசா தேவையில்லையே. ஐஃபிள் டவர் காலண்டர், பத்திரிகையில் படித்த பயணக் கட்டுரை, நூலகத்தில் எடுத்த ஒரு நாவல்... இவற்றை வைத்தே மனசுக்குள் ஒரு பாரிஸைக் கட்டி வைத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நீங்களும் அதில் ஒருவரா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

கோவையில் எடுத்த பிரெஞ்சுக் கதை

தமிழர்களின் பிரான்ஸ் கனவு இன்று நேற்று வந்ததல்ல. டி.வி-கூட இல்லாத காலத்தில், வாரப் பத்திரிகைகளில் வந்த பயணத் தொடர்கள்தான் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஐரோப்பாவைக் காட்டின. ஆனந்த விகடனில் மணியன் எழுதிய 'இதயம் பேசுகிறது' தொடரை இன்றும் நினைவில் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள் உண்டு.

அதற்கும் முன்பே பிரெஞ்சு இலக்கியம் கொங்கு மண்ணுக்கு வந்துவிட்டது. விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசராப்ள்' நாவலை, 'ஏழை படும் பாடு' என்ற பெயரில் தமிழாக்கியவர் கவியோகி சுத்தானந்த பாரதியார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். அதே பெயரில் 1950-ல் படமும் வந்தது. கே.ராம்நாத் இயக்கம், நாகையா நாயகன். தயாரித்தது நம்ம கோவை பட்சிராஜா ஸ்டுடியோ! ஹ்யூகோவின் ஜாவேர் என்ற போலீஸ் அதிகாரி, படத்தில் 'ஜாவர்' ஆனார். அந்த வேடத்தில் நடித்த சீதாராமன், கடைசிவரை 'ஜாவர் சீதாராமன்' என்றே அழைக்கப்பட்டார்.

பிறகு, வெ.ஸ்ரீராம் நேரடியாக பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்த்த ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' வந்தது. அவரும் ச.மதனகல்யாணியும் சேர்ந்து மொழிபெயர்த்த 'குட்டி இளவரசன்', இன்றும் பிறந்தநாள் பரிசாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது.

மேப்பில் விரல் வைத்து நடந்த பெண்

பாரிஸைப் பற்றிக் கனவு கண்டது நாம் மட்டுமா? பிரான்ஸிலேயே இருந்த ஒரு பெண்ணும் இதைத்தான் செய்தாள். ஃப்ளொபேரின் 'மதாம் பொவாரி' நாவலின் நாயகி எம்மா. 1857-ல் புத்தகமாக வந்த கதை இது. சிற்றூர் மருத்துவரின் மனைவியான எம்மா, பாரிஸிலிருந்து பெண்கள் பத்திரிகைகளை வரவழைத்துப் படிக்கிறாள். பாரிஸ் மேப் ஒன்றை வாங்கி, விரல் நுனியாலேயே தெருத்தெருவாக நடக்கிறாள்.

இன்று நாம் இன்ஸ்டாகிராமில் செய்வது கிட்டத்தட்ட இதேதான். ஆனால், எம்மா அதோடு நிற்கவில்லை. பத்திரிகையில் பார்த்த வாழ்க்கையைத் தன் வீட்டுக்கே கொண்டுவர நினைத்து, துணி வியாபாரி ஒருவரிடம் கடனுக்கு வாங்கிக் குவிக்கிறாள். அந்தக் கடனே அவள் வாழ்க்கையைத் துயரமாக முடித்துவைக்கிறது. 'ஈ.எம்.ஐ' என்ற வார்த்தை வருவதற்கு முன்பே எழுதப்பட்ட எச்சரிக்கை அது!

சட்டை தைத்த ஃபான்டீன்

காலண்டரில் தெரியும் பிரான்ஸ் வேறு. புத்தகத்தை முழுசாகப் படித்தால் தெரியும் பிரான்ஸ் வேறு. 'லே மிசராப்ள்' என்றதும் பலருக்கும் வெள்ளி மெழுகுவத்தித் தாங்கியும், பாதிரியாரும், திருந்திய கைதியும்தான் நினைவுக்கு வரும். ஆனால், திருப்பூர்க்காரர்கள் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டியது ஃபான்டீனின் கதையை.

மகளை வேறோர் ஊரில் விட்டுவிட்டுத் தொழிற்சாலை வேலைக்கு வந்த பெண் அவள். திருமணம் ஆகாமல் குழந்தை பெற்றவள் என்று தெரிந்ததும் வேலை போய்விடுகிறது. பிழைப்புக்காகப் படைவீரர்களுக்குச் சட்டை தைக்கிறாள். நாளுக்குக் கிடைப்பது 12 சூ. அது பிரெஞ்சுச் சில்லறைக் காசு. மகளுக்குப் பணம் அனுப்பத் தலைமுடியை விற்கிறாள், முன்பற்களையும் விற்கிறாள். அந்த நேரத்தில் ஒரு கான்ட்ராக்டர், சிறைக் கைதிகளை வைத்து இன்னும் மலிவாகத் தைத்து வாங்க ஆரம்பிக்கிறார். ரேட் இறங்குகிறது. 17 மணி நேரம் தைத்தாலும் இப்போது 9 சூதான்.

இது 1862-ல் வெளிவந்த நாவல். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கும், ஒன்றரை ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

எமில் ஸோலா 1883-ல் வெளியிட்ட 'ஓ பொனேர் தே தாம்' நாவலும் அப்படித்தான். பாரிஸின் பிரமாண்டமான துணிக்கடை ஒன்றில் விற்பனைப் பெண்ணாகச் சேரும் தெனீஸ், கடையின் உச்சி மாடியில் சின்ன அறையில் தங்கி வேலை பார்க்கிறாள். சீசன் குறைந்ததும் ஆள் குறைப்பு. அவளுக்கும் வேலை போகிறது. ஹாஸ்டலில் தங்கி மில் வேலை பார்க்கும் நம் பெண்களுக்குத் தெனீஸ் ஒன்றும் அந்நியமானவள் இல்லை.

பிரான்ஸின் திருப்பூர்!

கதை மட்டுமல்ல, நிஜத்திலும் பிரான்ஸில் ஒரு 'பனியன் ஊர்' உண்டு. பாரிஸிலிருந்து சுமார் 150 கி.மீ தொலைவில் இருக்கும் ட்ருவா. பின்னலாடைதான் அந்த ஊரின் அடையாளம். குழந்தைகள் ஆடைக்குப் பேர் போன 'பெட்டி பாட்டோ' 1893-ல் அங்கேதான் தொடங்கியது. முதலை லோகோ போட்ட 'லகோஸ்ட்' போலோ டி-ஷர்ட், 1933-ல் டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட்டும் ட்ருவா பின்னலாடை முதலாளி ஆந்த்ரே ஜிலியேவும் கைகோத்ததால் பிறந்தது.

பிறகு என்ன ஆயிற்று? கூலி குறைவான நாடுகளைத் தேடி ஆர்டர்கள் கிளம்பின. 1970-களுக்குப் பிறகு ட்ருவாவின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சில ஆலைகள் இன்னும் ஓடுகின்றன. ஆனால், இன்று அந்த ஊருக்கு வருபவர்கள் பெரும்பாலும் தள்ளுபடி விலையில் பிராண்டட் துணி வாங்க வருகிறவர்கள்தான். பின்னல் இயந்திரங்களைப் பார்க்க மியூசியம் இருக்கிறது.

அப்படிக் கிளம்பிய ஆர்டர்கள் வந்து சேர்ந்த ஊர்களில் ஒன்றுதான் திருப்பூர். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இன்று இங்கிருந்துதான் போகிறது. 'ஆர்டர் பங்களாதேஷுக்குப் போயிடுச்சு' என்ற பேச்சு டீக்கடை வரை கேட்கும் ஊரும் இதுதான். ஃபான்டீனின் ரேட் இறங்கியதற்கும், ட்ருவாவில் ஆலைகள் மூடியதற்கும், நம்ம டீக்கடைப் பேச்சுக்கும் காரணம் ஒன்றேதான்: இன்னும் மலிவான கை எங்கோ கிடைத்துவிட்டது.

அப்போ கனவு காணக் கூடாதா?

தாராளமாகக் காணலாம்! எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் உட்கார்ந்தவருக்கு, பாரிஸ் தெருவில் மனசால் நடக்க முழு உரிமை உண்டு. ஆனால், படத்தோடு நிறுத்தாமல் புத்தகத்தையும் திறக்கலாம். அங்கே நமக்காகக் காத்திருப்பது நம்மைப் போலவே உழைக்கும், கடன் வாங்கும், பிள்ளைகளுக்காகக் கவலைப்படும் மனிதர்கள்தான்.

அந்தக் கனவு தேசத்துக்கு நிஜமாகவே போய்ச் சேர்ந்த தமிழர்களின் கதையையும் தேடலாம். ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகனாக நடித்த பிரெஞ்சுப் படம் 'தீபன்', 2015-ல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வென்றது. பாரிஸின் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் ஓர் அகதியின் கதை அது. அதில் ஐஃபிள் டவரைவிட, மாடிப்படியைப் பெருக்கும் துடைப்பம்தான் அதிகம் தெரியும்.

எங்கிருந்து தொடங்குவது? வீட்டில் குழந்தைகள் இருந்தால் 'குட்டி இளவரசன்', பெரியவர்கள் இருந்தால் 'ஏழை படும் பாடு'. பக்கத்து நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், ஆண்டுதோறும் நடக்கும் திருப்பூர் புத்தகத் திருவிழாவில் தேடிப் பாருங்கள். வாரத்துக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் போதும். ஃபான்டீன் சட்டை தைக்கும் பக்கம் வரும்போது மட்டும், வீட்டில் தையல் வேலைக்குப் போகும் அம்மாவையோ அக்காவையோ கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அந்தக் கணக்கு அவர்களுக்குத்தான் சட்டென்று புரியும்.