வீடு கட்ட உதவும் செயலிக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா?

சொந்த வீடு கட்டுகிறீர்களா? இப்போதெல்லாம் இன்ஜினியர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வருவதில்லை, டேப்லெட்டோடு வருகிறார்கள்! அதிலுள்ள கட்டுமானச் செயலியைத் திறந்தால் கேன்ட் சார்ட், டேக்-ஆஃப், ஆர்.எஃப்.ஐ., பஞ்ச் லிஸ்ட் என்று வரிசையாகப் பட்டன்கள்! ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாலும் யாரோ கொட்டிய பணமும், யாரோ கண்ட கனவும், சில இடங்களில் பறிபோன உயிர்களும் இருப்பது தெரியுமா? வாருங்கள், ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம்!

கேன்ட் சார்ட்: பெயர் ஒருவருக்கு, பெருமை இன்னொருவருக்கு!

அஸ்திவாரம் எந்த வாரம், லிண்டல் எந்த வாரம், பூச்சு வேலை எப்போது என்று வண்ணக் கோடுகளாகக் காட்டுமே, அதுதான் கேன்ட் சார்ட். அமெரிக்காவின் ஹென்றி கேன்ட் 1910-களில் இதைப் பிரபலமாக்கினார். ஆனால் போலந்து இன்ஜினியர் கரோல் அடமியெட்ஸ்கி 1896-லேயே இதே போன்ற அட்டவணையைப் போட்டுவிட்டார், தெரியுமா? பிறகு ஏன் அவர் பெயர் நிலைக்கவில்லை? அவர் எழுதியது போலிஷ் மொழியிலும் ரஷ்ய மொழியிலும்! ஆங்கில உலகத்தின் கண்ணில் அது படவே இல்லை!

கிரிட்டிகல் பாத்: 7 டன் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு!

குளியலறை டைல்ஸ் நான்கு நாள் தாமதமானால் கிரகப்பிரவேசம் தள்ளிப்போகுமா? போகாமலும் இருக்கலாம்! ரூஃப் கான்கிரீட் ஒரே ஒரு நாள் தள்ளினால்? எல்லாமே ஒரு நாள் தள்ளிவிடும்! இப்படி ஒரு நாள் கூட விட்டுக்கொடுக்க முடியாத வேலைகளின் சங்கிலிதான் கிரிட்டிகல் பாத். மற்ற வேலைகளுக்குக் கிடைக்கும் அவகாசம் ஃப்ளோட். இந்த முறை எப்போது பிறந்தது தெரியுமா? 1957-ல்! டூபான்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனமும் சேர்ந்து யூனிவாக் கம்ப்யூட்டரில் இந்தக் கணக்கைப் போட்டன. அந்த இயந்திரத்தில் சுமார் 5,000 வால்வுகள்! எடை 7 டன்னுக்கு மேல்! இன்று அதே கணக்கைச் சட்டைப் பையிலிருக்கும் போன் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுகிறது!

லேக்: 125 வருடம் காத்திருக்க முடியுமா?

ஒரு வேலை முடிந்தும் அடுத்ததைத் தொடங்க முடியாமல் காத்திருக்கும் காலத்துக்கு மென்பொருளில் லேக் என்று பெயர். கான்கிரீட்தான் இதில் ராஜா! எம்-20 கான்கிரீட்டின் பலத்தை எத்தனையாவது நாளில் சோதித்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள்? 28-வது நாளில்! ஸ்லாபுக்குக் கீழே நிற்கும் முட்டுகளையும் அவசரப்பட்டு எடுக்க முடியாது. ஸ்லாபின் தாங்கிகளுக்கு இடையிலான தூரம் 4.5 மீட்டருக்குள் என்றால் குறைந்தது 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள் என்கிறது இந்தியத் தர விதி!

இதற்கே மலைக்கிறீர்களா? அமெரிக்காவின் ஹூவர் அணையை ஒரே மொத்தையாக ஊற்றியிருந்தால் கான்கிரீட்டின் சூடு தணிய 125 வருடம் ஆகியிருக்கும்! என்ன செய்தார்கள் தெரியுமா? தனித்தனிக் கட்டங்களாக ஊற்றி, உள்ளே 900 கிலோமீட்டருக்கும் அதிகமான குழாய்களைப் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள்! 1933-ல் தொடங்கிய கான்கிரீட் வேலை 1935-லேயே முடிந்தது!

டேக்-ஆஃப்: பிளானைப் பார்த்தே செங்கல் எண்ணலாம்!

ஒரு செங்கல்கூட வாங்காமல், பிளானை வைத்தே பொருட்களின் அளவைக் கணக்கிடுவது டேக்-ஆஃப். இதில் ஒளிந்திருக்கும் கணித அழகைப் பாருங்கள்! இந்தியத் தர அளவுச் செங்கல் 19 × 9 × 9 செ.மீ. சுற்றிலும் வரும் சாந்தையும் சேர்த்தால் 20 × 10 × 10! அப்படியானால் ஒரு கன மீட்டர் சுவருக்கு எத்தனை செங்கல்? அச்சு அசலாக 500!

கம்பிக்கும் ஒரு மந்திர எண் உண்டு தெரியுமா? அது 162! கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் போதும், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும்! 12 மி.மீ. கம்பியா? 144-ஐ 162-ஆல் வகுங்கள். மீட்டருக்கு 0.89 கிலோ! லாரியில் வந்து இறங்கும் கம்பி சரியான எடைதானா என்று இனி நீங்களே சொல்லிவிடலாமே!

மெட்டீரியல் லிஸ்ட்: தபாலில் ஆர்டர், ரயிலில் வீடு!

பொருள் பட்டியலைத் துல்லியமாகப் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? வீட்டையே பார்சலில் அனுப்பலாம்! அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை அதைத்தான் செய்தது. கேட்டலாகைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால் ரயில் பெட்டியில் வீடு வந்து சேரும்! மொத்தம் 447 வடிவமைப்புகள்! விற்றவை 70,000-க்கும் மேல்! ஒரு வீட்டில் 30,000 உதிரிகள் வரை இருக்கும். ஆணி மட்டுமே சுமார் 340 கிலோ, பெயின்ட்டும் வார்னிஷும் சுமார் 100 லிட்டர்! வெட்டி எண் போட்ட மரங்களும் கையேடும் கூடவே வரும். பலர் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து தாங்களே கட்டிக் குடியேறினார்கள்!

சப்-கான்ட்ராக்டர் ஷெட்யூல்: ஒரே நாளில் 30 வீடுகள்!

கொத்தனார் வரும் நாளில் செங்கல் இல்லை, செங்கல் வந்த நாளில் கொத்தனார் இல்லை! இந்தத் தலைவலிக்கு மருந்துதான் சப்-கான்ட்ராக்டர் ஷெட்யூல். இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது நியூயார்க் அருகிலுள்ள லெவிட்டவுன் குடியிருப்பு! 1947-ல் தொடங்கியபோது அதைக் கட்டியவர்கள் பிடித்த வழி என்ன? வீடு கட்டுவதை 27 படிகளாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரே வேலை! தொழிற்சாலையில் கார்கள் நகரும், தொழிலாளர்கள் நிற்பார்கள். இங்கே வீடுகள் நின்றன, தொழிலாளர்கள் நகர்ந்தார்கள்! உச்சக்கட்டத்தில் நாளொன்றுக்கு 30 வீடுகள்! 1951-க்குள் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள்!

பட்ஜெட், ஆக்சுவல்: 70 லட்சம் எங்கே, 10 கோடி எங்கே!

போட்ட திட்டச் செலவு ஒரு பக்கம், உண்மையில் ஆன செலவு மறுபக்கம். திரையில் இந்த இரண்டு பத்திகளையும் பார்க்கும்போதே வயிறு கலங்குகிறதா? சிட்னி ஓபரா ஹவுஸ் கணக்கைக் கேளுங்கள்! திட்டச் செலவு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். முடிந்தபோது 10 கோடியே 20 லட்சம்! 14 மடங்குக்கும் மேல்! 1963-ல் முடிய வேண்டியது, 1973-ல்தான் திறப்பு விழா கண்டது! பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பகுதி லாட்டரிச் சீட்டு விற்பனையிலிருந்து!

அப்படியானால் சொன்ன நேரத்தில் யாருமே கட்டியதில்லையா? ஏன் இல்லை! நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் பில்டிங் 102 மாடி. 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மே 1-ல் திறந்தே விட்டார்கள்! வெறும் 410 நாட்கள்! வாரத்துக்குச் சராசரியாக நாலரை மாடி! செலவும் திட்டத்துக்குள் அடங்கியது! ரகசியம் என்ன? எந்தப் பொருள் எந்த நாளில் எந்த மாடிக்குப் போக வேண்டும் என்ற அட்டவணை! அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க மாடிகளிலேயே குட்டித் தண்டவாளம் போட்டார்கள்!

ஆர்.எஃப்.ஐ.: கேட்காத ஒரு கேள்வியின் உயரம் 54 செ.மீ.!

பிளானில் புரியாததை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவதுதான் ஆர்.எஃப்.ஐ. "இதெல்லாம் எதுக்குங்க, போன்ல கேட்டுக்கலாம்" என்கிறீர்களா? ரைன் நதிக்கு வாருங்கள்! ஜெர்மனியையும் சுவிட்சர்லாந்தையும் இணைக்கும் லாஃபன்பர்க் பாலத்தை இரண்டு கரையிலிருந்தும் கட்டினார்கள். இரண்டு நாடுகளும் உயரத்தை வெவ்வேறு கடல்களின் மட்டத்திலிருந்து அளப்பவை. வித்தியாசம் 27 செ.மீ. இது இருதரப்புக்கும் முன்பே தெரியும்! ஆனால் திருத்தும்போது கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள்! 2003-ல் பார்த்தால் ஒரு கரை மறு கரையைவிட 54 செ.மீ. உயரத்தில்! நல்லவேளை, பாலம் முடியும் முன்பே கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள்!

சப்மிட்டல்: ஒரு கம்பி இரண்டானால் என்ன ஆகும்?

ஃபேக்டரியில் செய்யப்போகும் பாகத்தின் வரைபடத்தை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்குவது சப்மிட்டல். அந்த ஒப்புதல் பட்டனின் கனம் தெரியுமா? அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலில், கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கும் இரண்டு நடைபாலங்கள். இரண்டையும் ஒரே நீளக் கம்பி தாங்குவதாகத்தான் முதல் பிளான். பிறகு வேலை எளிது என்று அதை இரண்டு துண்டுக் கம்பிகளாக மாற்றினார்கள். அந்தச் சின்ன மாற்றத்தில் மேல் பாலத்தின் இணைப்பு தாங்க வேண்டிய பாரம் இரட்டிப்பானது! யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ஒப்புதல் மட்டும் கிடைத்துவிட்டது. 1981 ஜூலை 17 அன்று பாலங்கள் சரிந்து 114 பேர் உயிரிழந்தார்கள். அதனால்தான் நல்ல மென்பொருள், யார் எந்த நாளில் ஒப்புக்கொண்டார் என்பதை அழியாமல் பதிவு செய்கிறது!

கிளாஷ் டிடெக்‌ஷன்: இடிப்பதற்கு முன்பே எச்சரிக்கை மணி!

பீம் போகும் இடத்திலேயே கழிவுநீர்க் குழாயும் போனால்? கட்டிய பிறகு தெரிந்தால் உடைக்க வேண்டியதுதான்! பிம் எனப்படும் முப்பரிமாண மாடலில் அது முன்கூட்டியே சிவப்பாக மின்னிவிடும்! இது நேற்று வந்த யோசனை என்று நினைக்கிறீர்களா? சார்லஸ் ஈஸ்ட்மன் என்ற பேராசிரியர் 1975-லேயே எழுதிவிட்டார்! ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா வரைபடமும் தானாக மாற வேண்டும் என்பது அவர் கனவு. இப்போது மூன்று பரிமாணத்தோடு நிற்கவில்லை, நான்காவதாகக் காலம், ஐந்தாவதாகச் செலவு என்று சேர்த்துவிட்டார்கள்! 2016-லிருந்து பிரிட்டனில் மத்திய அரசுக் கட்டுமானங்களுக்கு பிம் கட்டாயமே ஆகிவிட்டது!

பாயின்ட் கிளவுட்: 100 கோடிப் புள்ளிகளில் ஒரு தேவாலயம்!

கட்டடத்தின் மீது லேசர் கதிரைப் பாய்ச்சிக் கோடிக்கணக்கான புள்ளிகளாக அதை அளந்து வைப்பது பாயின்ட் கிளவுட். பாரிஸின் நோத்ர-தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற பேராசிரியர் இப்படி அளந்தார். 100 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள்! பிழை சில மில்லிமீட்டர்தான்! 2018-ல் அவர் காலமானார். 2019 ஏப்ரலில் தேவாலயம் தீப்பற்றியது! அவர் விட்டுச்சென்ற அளவுகள் புனரமைப்புக்குப் பெரும் துணையாயின. 2024 டிசம்பரில் கதவுகள் மீண்டும் திறந்தன!

பஞ்ச் லிஸ்ட்: 10,344 ஜன்னல்களையும் மாற்று!

சாவி வாங்கும் முன் குறைகளைப் பட்டியலிடுவது பஞ்ச் லிஸ்ட். ஸ்விட்ச் கோணல், கதவு இடிக்கிறது, பெயின்ட் திட்டு என்று உங்கள் பட்டியல் 40-ஐத் தொட்டுவிட்டதா? கவலை வேண்டாம்! பாஸ்டனின் 60 மாடி ஹான்காக் டவரில் கட்டும்போதே கண்ணாடிகள் கழன்று கீழே விழுந்தன. ஒவ்வொன்றும் 200 கிலோவுக்கு மேல்! கடைசியில் எத்தனை கண்ணாடிகளை மாற்றினார்கள் தெரியுமா? ஒன்று விடாமல் 10,344! அதுவரை ஓட்டைகளை மூடி நின்றவை பிளைவுட் பலகைகள்!

வாரன்டி: 3,700 ஆண்டுப் பழமை!

வீட்டுக்கு உத்தரவாதம் என்பது பில்டர்களின் புதிய விளம்பரம் என்று நினைத்தீர்களா? பாபிலோன் மன்னர் ஹம்முராபி சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன்பே சட்டமாக எழுதிவிட்டார்! சுவர் சரியில்லையா? கட்டியவர் சொந்தச் செலவில் பலப்படுத்த வேண்டும்! வீடு இடிந்து உரிமையாளர் இறந்தாரா? கட்டியவருக்கு மரண தண்டனை! வீட்டின் பரப்பளவை வைத்துக் கூலி நிர்ணயித்ததும் அதே சட்டம்தான். சதுர அடிக்கு இவ்வளவு என்று இன்று நாம் பேசும் பேரத்துக்கு இத்தனை வயது!

நம் நாட்டில் ரியல் எஸ்டேட் துறையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் 2016-ல் வந்தது. ஃபிளாட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்து நீங்கள் சொன்னால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும்! இன்னொன்று தெரியுமா? வீடு வாங்குவோர் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும்!

லீன்: ஒரு தலைநகரத்துக்காகப் பிறந்த சட்டம்!

அமெரிக்க மென்பொருள்களில் லீன் வெய்வர் என்று ஒரு பட்டன் உண்டு. கூலி கிடைக்காத தொழிலாளிக்கு அந்த வீட்டின் மீதே உரிமை கோரும் வழி லீன். பணம் வந்துவிட்டது, இனி உரிமை கோரமாட்டேன் என்று எழுதிக்கொடுப்பது வெய்வர். இந்த லீன் சட்டம் எதற்காகப் பிறந்தது தெரியுமா? வாஷிங்டன் நகரைக் கட்ட ஆட்கள் நம்பி வர வேண்டும் என்பதற்காக! 1791-ல் மேரிலாந்து மாகாணம் இந்தச் சட்டத்தை இயற்றியது. இதற்குத் துணை நின்றவர்களில் ஒருவர் பிற்காலத்தில் ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சன்!

கிளையன்ட் போர்ட்டல்: வேலைக்கு ஆள் வந்தாரா, இல்லையா?

வீட்டுக்காரர் எங்கிருந்தாலும் சைட் படங்களையும் கணக்கையும் பார்க்கத் திறந்து வைத்த ஜன்னல் இது. உலகப் புகழ்பெற்ற கட்டுமான மென்பொருளான ப்ரோகோர் எப்படிப் பிறந்தது தெரியுமா? அதன் நிறுவனர் வேலை பார்த்தது சிலிகான் பள்ளத்தாக்கில், வீடு கட்டியது சாண்டா பார்பராவில்! சைட்டுக்கு இன்று ஆள் வந்ததா என்று தெரியாமல் தவித்தவர் 2002-ல் தானே நிறுவனம் தொடங்கிவிட்டார்! 2021-ல் அது நியூயார்க் பங்குச் சந்தையிலேயே ஏறிவிட்டது!

கடைசியாக ஒரு எண்: 0.5!

ஆய்வாளர் பென்ட் ஃப்ளூபியர் உலகம் முழுவதிலிருந்தும் 16,000-க்கும் மேற்பட்ட பெரிய திட்டங்களின் கணக்கைத் திரட்டினார். சொன்ன செலவில், சொன்ன நேரத்தில் முடிந்தவை எத்தனை தெரியுமா? 8.5 சதவீதம்தான்! சொன்ன பலனையும் சேர்த்துக் கொடுத்தவை? வெறும் 0.5 சதவீதம்! இருநூறில் ஒன்று!

அதனால் அடுத்த முறை சைட்டுக்குப் போகும்போது தயங்காமல் கேளுங்கள்! "கிரிட்டிகல் பாத்தில் இப்போது எந்த வேலை? டேக்-ஆஃப் கணக்கு எங்கே? இந்த மாற்றத்துக்கு யார் ஒப்புதல் கொடுத்தது?" இந்த மூன்று கேள்விகளுக்கும் பட்டென்று பதில் வந்தால், அந்த இருநூறில் ஒன்றாக உங்கள் வீடும் ஏன் இருக்கக் கூடாது!