நெட் போச்சுன்னு போர்ச்சுகீஸ்ல எப்படிச் சொல்றது?

இந்த எபிசோடை லிஸ்பன்ல என் வீட்டு சமையலறையில உட்கார்ந்து பேசுறேன். இங்கே ஆபீஸ்ல எல்லாம் ஆங்கிலத்திலேயே ஓடிடும். வீட்டுல ஏதாவது ரிப்பேர் ஆனாதான் போர்ச்சுகீஸ் தேவைப்படும்.

வந்த முதல் மாசமே நெட் போச்சு. ரௌட்டர்ல இன்டர்நெட் லைட் எரியல. கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, தெரிஞ்ச ரெண்டு வார்த்தையை ஒட்டவெச்சு, "நாவ்ங் தெங்யு லூஷ்"னு சொன்னேன். "லைட் இல்லை"ன்னு அர்த்தம். அந்தம்மா பொறுமையா கேட்டாங்க. "அப்போ மின்சாரக் கம்பெனிக்குப் பேசுங்க"ன்னு போனை வெச்சுட்டாங்க. "லூஷ்" என்றால் விளக்கு. ஆனா பேச்சுல கரண்ட்டுக்கும் அதே வார்த்தைதான். வீட்டுல கரண்ட் இல்லைன்னு நானே சொல்லியிருக்கேன்!

அன்னிக்குதான் ஒரு விஷயம் உறைச்சது. எதுக்கெடுத்தாலும் மொழிபெயர்ப்பு ஆப்தான் துணைன்னு இருந்தேன். நெட் போனா அதுவும் சேர்ந்து போயிடும். அதனால கொஞ்சம் வாக்கியங்களை மண்டையிலயே ஏத்திக்கணும்.

நாம பக் ரிப்போர்ட் எழுதுற மாதிரியே இதையும் பிரிச்சுக்கலாம்: எந்தப் பொருள், இப்போ என்ன நிலைமை, நான் என்ன செஞ்சு பார்த்தேன்.

பொருள்: "ஊ ரௌட்டர் நாவ்ங் ஃபும்ஸ்யோன." ரௌட்டர் வேலை செய்யல. ரௌட்டருக்குப் பதிலா எதை வெச்சாலும் வாக்கியம் நிக்கும். டிவி ரிமோட்டுக்கு இங்கே "கொமாண்டு".

நிலைமை: "அ லூஷ் டு ரௌட்டர் ஷ்டா அபகாட." ரௌட்டரோட லைட் அணைஞ்சிருக்கு. அன்னிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். சிவப்பு லைட் மினுக்கினா, "அ லூஷ் வெர்மெல்ய ஷ்டா அ பிஷ்கார்".

செஞ்சு பார்த்தது: "ஜா டெஷ்லிகெய் இ வோல்தெய் அ லிகார்." ஏற்கெனவே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். இதை நாமே முதல்ல சொல்லிட்டா அஞ்சு நிமிஷம் மிச்சம்.

எதிர்முனையில வேகமா பேசினா, "போட் ஃபலார் மைஷ் டெவகார்?" கொஞ்சம் மெதுவா பேச முடியுமா? கூடவே "ஸ ஃபாஷ் ஃபவோர்", அதாவது தயவு செஞ்சு. தெரியாதவங்களை ஆணா இருந்தா "ஊ ஸெஞோர்", பெண்ணா இருந்தா "அ ஸெஞோர"ன்னு சொல்லிடுங்க. "வொஸே"ன்னு கூப்பிட்டா போர்ச்சுகல்ல பலருக்கு முகம் சுருங்கும்.

இன்னொரு சிக்கல், பல ஆப்கள் கத்துக்கொடுக்கிறது பிரேசில் போர்ச்சுகீஸ். அங்கே பாஸ்வேர்டுக்கு "சென்ய". இங்கே அது வரிசையில நிக்க மெஷின் தர்ற டோக்கன். பாஸ்வேர்டுக்கு இங்கே "பலாவ்ர-பாஸ்". மொபைல் அங்கே "செலுலார்", இங்கே "டெலெமோவெல்".

அடுத்தது கரண்ட். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவுதான் இழுக்கலாம்னு ஒப்பந்தத்திலேயே ஒரு அளவு இருக்கு. சின்ன ஃபிளாட்டுகள்ல அது 3.45 கேவிஏவா இருக்கிறது சகஜம். குளிருக்கு 2 கிலோவாட் ஹீட்டரைப் போட்டுட்டு, 2 கிலோவாட் கெட்டிலையும் தட்டினா, கணக்கு 4. வீடே இருண்டுடும். அப்போ, "ஊ குவாட்ரு ஃபோய் அபாய்ஷு". நேரா பார்த்தா "போர்டு கீழே விழுந்துச்சு", நாம சொல்ற "ட்ரிப் ஆயிடுச்சு". அக்கம்பக்கத்துல இதைச் சொன்னாலே புரிஞ்சுப்பாங்க.

இதெல்லாம் எதுக்குன்னு எனக்கு முழுசா புரிஞ்ச நாள் 2025 ஏப்ரல் 28. காலை பதினொன்றரை வாக்குல போர்ச்சுகல், ஸ்பெயின் ரெண்டு நாட்டிலும் ஒரே நேரத்துல கரண்ட் போச்சு. இங்கே அதுக்குப் பேர் "அபகாவ்ங்". மேலே "அபகாட"ன்னு பார்த்தோமே, அதே வேர்: அணைக்கிறது. கொஞ்ச நேரத்துல என் மொபைல் நெட்டும் படுத்துடுச்சு. என்ன நடக்குதுன்னு தெரியல, யார்கிட்ட கேட்கிறதுன்னும் தெரியல.

சாயங்காலம் கதவைத் தட்டினது கீழ்வீட்டுப் பாட்டி. அதுவரைக்கும் எங்களுக்குள்ள "போங் டிய" மட்டும்தான். கையில ஒரு பழைய ரேடியோ. "தாய்ங் பில்யஷ்?" பேட்டரி இருக்கான்னு கேட்கிறாங்க. டிவி ரிமோட் செத்த அன்னிக்குக் கடையில கத்துக்கிட்ட வார்த்தை! ரிமோட்ல இருந்து ரெண்டு, கீபோர்டுல இருந்து ரெண்டு கழட்டிக் கொடுத்தேன். மாடிப்படியில உட்கார்ந்து செய்தி கேட்டோம். ரேடியோ சொன்னதுல பாதி எனக்குப் புரியல. பாட்டி "டெவகார்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, சின்னச் சின்ன வாக்கியமா திருப்பிச் சொன்னாங்க. கரண்ட் ராத்திரிதான் வந்தது.

புது மொழியில எங்கே இருந்து ஆரம்பிக்கிறதுன்னு முழிக்கிறவங்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்டுல அடிக்கடி மக்கர் பண்ற மூணு பொருளை எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் மூணு வாக்கியம். மொத்தம் ஒன்பது. போன்ல வேணாம், பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுங்க.

இப்பவே ஒரு வார்த்தை இலவசம்: சாவிக்கு போர்ச்சுகீஸ்ல "ஷாவ்". நம்ம "சாவி"யே அங்கிருந்து வந்ததுதான். வீட்டைப் பூட்டிக்கிட்டு வெளியில நின்னா அதுவாவது ஞாபகம் வரும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!